சிவப்புப் புள்ளி வைத்த பிளக்

கடைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளே, உங்களிடம் ஒருவர் வருவார். கையில் புதுக் கிடார் இருக்கும். வீட்டில் வாசித்துப் பழக முதல் ஆம்ப்ளிஃபயர், அதாவது ஆம்ப், எது எடுக்கலாம் என்று கேட்பார். நீங்கள் உடனே வாட் கணக்கையும், எந்தப் பொத்தானைத் திருகினால் என்ன சத்தம் வரும் என்பதையும் மளமளவென்று ஒப்பிப்பீர்கள். போன வாரம் கடையில் ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். தப்பில்லை, அதுவும் தெரிந்திருக்க வேண்டியதுதான். ஆனால் அவர் வீடு எப்படி, சுவருக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள், தரை ஈரமாக இருக்குமா என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் கேட்பேன். கிடார்காரருக்கு ஆம்ப் கொடுப்பதில் இந்த மலையில் என்னை மிஞ்ச ஆள் இருந்ததில்லை என்று சொன்னால் சிரிக்காதீர்கள். ஒலிபெருக்கிக்காரனிடம் போய் அடக்கத்தை எதிர்பார்த்தால் எப்படி?

அறுபதுகளின் நடுப்பகுதி. கொடைக்கானல் பஜாரில் ரேடியோவும் மைக்செட்டும் வைத்திருந்த ஒரு கடையில் நான் மெக்கானிக். சொந்த ஊர் பழனி. அடிவாரத்தில் எங்கள் வீட்டார் எல்லோரும் பஞ்சாமிர்தம், விபூதி என்று யாவாரம் பார்க்க, நான் ஒருவன் மட்டும் ரேடியோவைப் பிரித்துப் பார்க்கும் பைத்தியத்தில் மலையேறிவிட்டேன். முதலாளி ஒரு ராவுத்தர். நியாயமான மனிதர், ஆனால் மூக்குக்கு மேல் கோபம். மேலே பூண்டி, கிளாவரை வரைக்கும் எந்தத் திருவிழா என்றாலும் எங்கள் குழாய் ஸ்பீக்கர்தான் மரத்தில் ஏறும். அந்தக் கர்வம் அவருக்கும் உண்டு, எனக்கும் உண்டு.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. ஓர் ஆம்ப்ளிஃபயரைப் புதிதாகக் கட்டி முடித்தால் அதை ஏரிக்கரைக்குத் தூக்கிக்கொண்டு போவோம். தெரிந்த வீட்டில் கரண்ட் எடுத்து, குழாயை எதிர்க்கரைக்குத் திருப்பி வைத்துப் பாட்டுப் போடுவோம். அங்கே ஓர் ஆள் துண்டோடு நிற்பார். பாட்டு கேட்டால் துண்டை வீசுவார். துண்டு ஆடினால் சரக்கு நல்ல சரக்கு. ஆடாவிட்டால் மறுபடியும் மேசைக்கு வந்துவிடும். இப்படிப் பழகிய எங்களுக்கு ஒரு மனிதன் சின்னச் சத்தம் போதும் என்று வந்து நிற்பான் என்பது கனவிலும் தோன்றியதில்லை.

அப்படி வந்தவர் சூசை அண்ணன். ஊரின் பெரிய ஓட்டல் ஒன்றில் சாப்பாட்டுக் கூடத்துப் பேரர், அதாவது மேசை மேசையாகப் பரிமாறுகிறவர். வெள்ளை உடுப்பில் அவர் தட்டுகளை அடுக்கித் தூக்கி நடப்பதைப் பார்த்தால் ஒரு ஸ்பூன்கூட ஆடாது. சர்ச்சில் சாதாரணக் கிடார் வாசித்து நன்றாகக் கை தேர்ந்தவரும்கூட. அந்த ஓட்டலில் சீசன் மாதங்களில் சாயங்காலம் பேண்டு உண்டு. அதில் கிடார் வாசித்தவர் பம்பாய்க்குப் போய்விட்டார். சூசை அண்ணன் மேனேஜரிடம் போய்த் தன் வாசிப்பைக் கேட்டுப் பார்க்கும்படி சொல்லியிருக்கிறார். மேனேஜர் யோசித்துவிட்டு, சீசன் தொடங்குமுன் எலக்ட்ரிக் கிடாரில் வாசித்துக் காட்டு, நன்றாக இருந்தால் மேடை, இல்லாவிட்டால் பழையபடி தட்டு என்றாராம்.

எலக்ட்ரிக் கிடார் ஒன்று அவரிடம் ஏற்கெனவே இருந்தது. சீமைக்குத் திரும்பிப் போன மிஷன் குடும்பம் ஒன்று அன்பாகக் கொடுத்துவிட்டுப் போனது. ஆம்ப் மட்டும் அவர்களோடு கப்பலேறிவிட்டது. ஆம்ப் இல்லாமல் அந்தக் கிடாரைப் பழக முடியாது என்பது உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சர்ச் கிடாரில் ஓங்கி அடித்த கை, இதில் அதே மாதிரி அடித்தால் கிடார் அலறிவிடும். எவ்வளவு லேசாகத் தொட வேண்டும் என்பதைக் காதால் கேட்டுத்தான் கை கற்றுக்கொள்ளும்.

முதலாளி முதலில் ஒரு மைக்செட்டைக் காட்டினார். சூசை அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். அவர் குடியிருந்தது வரிசை வீடுகளில் ஒன்று. ஒற்றை அறை, பக்கத்து வீட்டுக்கும் இதற்கும் நடுவே வெறும் பலகைத் தடுப்பு. வரிசையில் எந்த வீட்டில் குழந்தை அழுதாலும் வந்து கதவைத் தட்டுகிற வீட்டுக்காரர். ஆகவே அவரே ஒரு வழி யோசித்து வைத்திருந்தார். கல்யாணத்துக்கு மாமனார் கொடுத்த ரேடியோவைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

"இதில ஒரு சாக்கெட்ட வச்சுக் குடுங்க தம்பி. கிடாரச் சொருகிக்கிறேன். எங்க ரூமுக்குள்ள கேட்டாப் போதும்."

அவருடைய யோசனையில் பாதி அருமையான யோசனை. அறைக்கு ஏற்ற சத்தம் என்று எங்கள் தொழிலில் அதுவரை ஒருவரும் பேசியதில்லை. மறுபாதிதான் ஆபத்து. பின்பக்க மூடியைக் கழற்றியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது, அது டிரான்ஸ்பார்மர் இல்லாத செட்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்காக இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். டிரான்ஸ்பார்மர் இருந்தால் சுவரில் வருகிற கரண்ட் வேறு, செட்டின் உள்ளே ஓடுகிற கரண்ட் வேறு. அது இல்லாத மலிவு செட்டுகளில் சுவரின் ஒரு கம்பி நேராக உள்ளேயிருக்கும் இரும்புத் தகட்டில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அப்போதெல்லாம் பிளக்குக்கு இரண்டே கால், எப்படியும் சொருகலாம். ஒரு பக்கம் சொருகினால் தகடு சாது. திருப்பிச் சொருகினால் ஆளை அடிக்கும். இதற்கு எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம் ஒன்று இருந்தது. ஷாக் அடிக்கிறதா, பிளக்கைத் திருப்பிப் போடு. அடிக்காத பக்கம் எது என்று பார்த்து, பிளக்கின் மேல் சிவப்புப் பெயின்டால் ஒரு புள்ளி வை. புள்ளி மேலே இருக்கும்படி சொருகச் சொல்லி அனுப்பு. நானும் எத்தனையோ வைத்திருக்கிறேன், ஒரு குறையும் வந்ததில்லை. ரேடியோவுக்கு வெளியே மரப்பெட்டி, பிளாஸ்டிக் குமிழ். உள்ளே இருக்கும் தகட்டை யார் தொடப் போகிறார்கள்?

கிடார் அப்படி இல்லை. அதன் ஒயர் அந்தத் தகட்டில் போய்ச் சேரும். மறுமுனை கிடாரின் கம்பிகளில் சேரும். ரேடியோவின் வயிற்றுக்குள் இருப்பதை எடுத்து மனிதன் கையில் கொடுக்கிற காரியம் அது. நான் மூடியைத் திரும்ப மாட்டி, இது வேண்டாம் அண்ணே என்றேன்.

பண்ணைக்காட்டிலிருந்து ஜீப்பில் வந்த எஸ்டேட்காரர்கள் கல்யாணத்துக்கு மைக்செட் பேசக் காத்திருந்தார்கள். கடை நிறைய ஆள். முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது.

"ஏலே, புள்ளிய வச்சு வெரசாக் குடுத்து அனுப்புலே. பத்து நிமிசச் சோலிக்கு என்ன பிரசங்கம்?"

நான் மாட்டேன் என்றேன். அவர் எதிரில் அந்த வார்த்தையை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. எஸ்டேட்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். ஆனால் முதலாளியைவிட சூசை அண்ணனைச் சமாளிப்பதுதான் கஷ்டமாக இருந்தது. கோபப்பட்டிருந்தால் தேவலை. அவர் மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு மெதுவாகத்தான் கேட்டார்.

"தம்பி, இந்தச் சீசன விட்டா இன்னொரு தடவ என்னயக் கூப்பிட மாட்டாங்க. சாகுற மட்டும் தட்டுத் தூக்கவா?"

"சாகாம இருக்கணும்ல அண்ணே" என்றேன். டிரான்ஸ்பார்மர் வைத்துச் சின்னதாக ஒன்று கட்டித் தருகிறேன், சாமான் மதுரையிலிருந்து வர வேண்டும், கொஞ்சம் பொறுங்கள் என்றும் சொன்னேன். அவருக்குப் பொறுக்க நேரமில்லை. ரேடியோவைப் பழையபடி துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார். எஸ்டேட்காரர்களை அனுப்பிய பிறகு முதலாளி என்னிடம் வந்தார். "ஒனக்கு வேலை தெரியும்னு வச்சிருக்கேன், யாவாரம் தெரியும்னு இல்ல" என்று சொல்லிவிட்டுத் தொழுகைக்குப் போய்விட்டார்.

மறுநாளே சேதி வந்தது. பஜாரின் அந்தக் கோடியில் கடிகாரம் பழுது பார்ப்பவர் ஒருவர் ரேடியோவும் பார்ப்பார். அவர் சாக்கெட் வைத்து, சிவப்புப் புள்ளியும் வைத்துக் கொடுத்துவிட்டார். சூசை ஜம்மென்று வாசிக்கிறாராம், நீ பயந்த மாதிரி ஒன்றும் ஆகவில்லையே என்று சேதி சொன்னவர் என்னைக் கிண்டல் செய்தார். எங்கள் தொழிலில் ஒருத்தன் கை வைத்த செட்டில் இன்னொருத்தன் போய் மூக்கை நுழைக்கக் கூடாது. அது பெரிய மரியாதைக் குறைவு. முதலாளி காதுக்குப் போனால் என் வேலைக்கே உலை. ஆனாலும் சாப்பாட்டு நேரத்தில் டெஸ்டரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வரிசை வீடுகளுக்கு இறங்கினேன். டெஸ்டர் தெரியும்தானே, கரண்ட் உள்ள இடத்தில் வைத்தால் பிடிக்குள் சின்ன விளக்கு எரிகிற திருப்புளி.

சூசை அண்ணன் என்னைப் பார்த்ததும் வாய் நிறையச் சிரித்தார். வன்மமே கிடையாது அந்த மனிதருக்கு. அவர் மனைவி புஷ்பம் அக்கா ஆஸ்பத்திரி ஆயா, அன்றைக்கு லீவு. காப்பி போட்டார். அண்ணன் புள்ளி மேலே இருக்கும்படி பிளக்கைச் சொருகி, ரேடியோவைப் போட்டு, கிடாரை மடியில் வைத்து வாசித்தார். ரொம்ப நன்றாக வாசித்தார். கொஞ்ச நேரம் வந்த காரியமே மறந்துவிட்டது. பிறகு டெஸ்டரைக் கிடார்க் கம்பியில் வைத்தேன். விளக்கு எரியவில்லை. மறுபடியும் வைத்தேன். எரியவே இல்லை. "பாத்தீங்களா தம்பி" என்று அவர் என் தோளைத் தட்டினார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. காப்பியைக் குடித்துவிட்டு எழுந்தேன்.

அவரும் டூட்டிக்குக் கிளம்ப வேண்டும். குமிழைத் திருகி ரேடியோவை நிறுத்தினார், கிடாரைச் சுவரில் சாய்த்தார், உடுப்பு மாற்றத் திரைக்குப் பின்னால் போனார். அக்கா வாளியும் துணியுமாக வந்து சிமென்டுத் தரையைத் துடைக்க ஆரம்பித்தார். நான் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். அக்கா வெறுங்காலோடு ஈரத்தில் நின்றுகொண்டு, கிடாரை அந்தப் பக்கம் நகர்த்தி வைக்க ஈரக் கையை நீட்டினார்.

எனக்கு அந்த நொடியில்தான் பொறி தட்டியது. ரேடியோ ஓடும்போது தகட்டைச் சாதுவாக வைத்திருப்பது எந்தக் கம்பி? அந்தக் கம்பியின் நடுவில்தானே குமிழின் சுவிட்சு இருக்கிறது. குமிழைத் திருகி நிறுத்தினால் அந்தச் சாதுக் கம்பி துண்டாகிவிடும். மற்றக் கம்பி, அடிக்கிற கம்பி, உள்ளே வால்வுகளைச் சுற்றிக்கொண்டு அதே தகட்டுக்கு வந்து நிற்கும். ஓடும்போது ஒன்றுமில்லை, நிறுத்தினால்தான் ஆபத்து.

"அக்கா, தொடாதீங்க" என்று நான் போட்ட சத்தம் பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும். அவர் கை அப்படியே நின்றது. நான் ஒரே எட்டில் போய்ப் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். சூசை அண்ணன் பாதி உடுப்போடு ஓடிவந்தார். இருவரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, பிளக்கை மறுபடி சொருகினேன். சிவப்புப் புள்ளி மேலேதான் இருந்தது. ரேடியோ நிறுத்தியபடியே இருந்தது. டெஸ்டரைக் கிடார்க் கம்பியில் வைத்தேன். பளிச்சென்று எரிந்தது.

அக்காதான் முதலில் பேசினார். "நேத்தும் எடுத்து வச்சேன் தம்பி. சுருக்குன்னுச்சு. கம்பி முனை குத்திருச்சுன்னு நெனச்சேன்." நேற்றுக் குளிருக்குச் செருப்புப் போட்டிருந்ததாகவும் சொன்னார். சூசை அண்ணன் அவரைப் பார்த்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கிடாரை எடுத்துக்கொண்டு போய் யாருக்காவது கொடுத்துவிடுங்கள், எனக்கு மேடையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்றார்.

பயந்தவரிடம் அவசரமாக எதையும் எடுத்துக்கொண்டு போகக் கூடாது. கிடாரில் ஒரு தப்பும் இல்லை, இருக்கட்டும், சாயங்காலம் நீங்கள் டூட்டி முடித்து வந்ததும் வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கடைக்கு நடந்தேன். வேலை போனாலும் போகட்டும் என்று நடந்ததை ஒன்று விடாமல் முதலாளியிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. நான் சொல்லி முடித்ததும் தாடியைத் தடவினார்.

"அந்தப் புள்ள தொட்டிருந்தா?" என்றார்.

கடைக்குள் நாள் முழுக்கப் பாட்டுப் போட முதலாளி ஒரு சின்ன ரெக்கார்டு ஆம்ப்ளிஃபயர் வைத்திருந்தார். நல்ல டிரான்ஸ்பார்மர் உள்ளது. அதை மற்றவர்கள் தொட்டால்கூட அவருக்குப் பிடிக்காது. அவரே எழுந்து போய் அதன் ஒயர்களைக் கழற்றி என் மேசையில் கொண்டுவந்து வைத்தார். வைத்த பிறகும் வாய் சும்மா இருக்கவில்லை. இது ஏரியில் பாதி தூரம்கூடப் போகாதே, இதை வைத்து அவன் என்னத்தை வாசிப்பான் என்று கேட்டார்.

"பலகைக்கு அந்தப் பக்கம் போகக் கூடாது மொதலாளி. அந்தக் கணக்குத்தான் வேணும்" என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

அன்றைக்கு மத்தியானமே உட்கார்ந்து கிடாருக்கு ஏற்றபடி அதை மாற்றினேன். பஜாரில் இருந்த மர ஆசாரி சில்வர் ஓக் பலகையில் கனமான பெட்டி அடித்துக் கொடுத்தார். அதில் ஒரே ஒரு ஸ்பீக்கர். வெளியே இரும்பு எதுவும் கையில் படாதபடி மூடினேன். வரிசை வீட்டுக்குக் கொண்டுபோய், போட்டும் நிறுத்தியும், பிளக்கைத் திருப்பியும் திருப்பாமலும் டெஸ்டர் வைத்துக் காட்டினேன். பிறகு என் செருப்பைக் கழற்றிவிட்டு, அக்காவைத் தரையை மறுபடி துடைக்கச் சொல்லி அந்த ஈரத்தில் வெறுங்காலோடு நின்று கிடார்க் கம்பிகளை ஐந்து விரலாலும் பிடித்துக்கொண்டேன். அதைப் பார்த்த பிறகுதான் சூசை அண்ணன் கிடாரை வாங்கினார்.

அவர் வாசிக்க, நான் எழுந்து போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, அந்தப் பக்கம் எப்படிக் கேட்கிறது என்று நின்று கேட்டேன். யாரோ தூரத்தில் வாசிக்கிற மாதிரி லேசாகக் கேட்டது. ஒரு பெரிய மைக்செட்டை இவ்வளவு குறைத்து வைத்தால் சத்தம் செத்துப்போய்விடும், சுரம் தெரியாது. சின்னப் பெட்டியோ மெல்லப் பேசும்போதும் முழுசாகப் பேசும். வீட்டுப் பழக்கத்துக்குப் பெட்டி தேர்ந்தெடுப்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. முதலில் யாரையும் அடிக்கக் கூடாது, பிறகு குறைந்த சத்தத்தில் நன்றாக இருக்க வேண்டும், மற்ற அலங்காரமெல்லாம் அதற்கு அப்புறம். அன்றைக்கு நான் கண்டுகொண்டது இதுதான், இன்றைக்கும் மாறவில்லை.

முதலாளி அந்த வாரமே இன்னொரு காரியம் செய்தார். ரெக்கார்டு பிளேயர் சொருக என்று எங்கள் கடையில் முன்பு சாக்கெட் வைத்துக் கொடுத்த பழைய செட்டுகளை ஞாபகப்படுத்திக்கொண்டு, வீடு வீடாக என்னை அனுப்பிச் சரிசெய்ய வைத்தார். கடைப் பெயர் கெடும் என்று பயப்படவில்லை. கடிகாரக்காரரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, எனக்குச் சமமான தொழில்காரராக மதித்து அவருக்கு விஷயத்தை விளக்கும்படி என்னிடம் சொன்னார். ஒருவரையும் குறை சொல்லவில்லை. அப்படி ஒரு மனிதரிடம் வேலை பார்த்தவன் நான்.

சூசை அண்ணன் மேனேஜரிடம் வாசித்துக் காட்டினார். மேனேஜர் அதிகம் பேசுகிறவர் இல்லை. சரி, சனிக்கிழமை மேடைக்கு வா, கோட்டு தைத்துக்கொள் என்று மட்டும் சொன்னாராம். அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் ஓட்டல் கூடத்தில் மைக் போட நான்தான் போயிருந்தேன். சீசன் கூட்டம். சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் வந்த குடும்பங்கள் மேசை மேசையாக உட்கார்ந்திருந்தார்கள். முந்தின நாள் மத்தியானம்வரை அதே மேசைகளுக்கு சூப் கொண்டுபோனவர், கறுப்புக் கோட்டில் கிடாரோடு மேடையில் நின்றார். புஷ்பம் அக்கா சமையல்கட்டு வாசலில், ஓட்டல் ஆட்களோடு ஆளாக நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது பாட்டு நடந்துகொண்டிருந்தது. மேடைக்கு அருகில் இருந்த மேசையில் ஒரு பெரியவர். அந்த ஓட்டலுக்கு வருஷா வருஷம் வருகிறவர். தண்ணீர் வேண்டியிருந்தது போலிருக்கிறது. பழக்க தோஷத்தில் சூசை அண்ணன் முகத்தைப் பார்த்து விரலைச் சொடுக்கிவிட்டார்.

அண்ணன் கண் உடனே அங்கே போனது. எத்தனை வருஷப் பழக்கம். கால்கூட அரை அடி முன்னால் வந்தது. ஆனால் கை நிற்கவில்லை. ஒரு சுரம்கூடத் தவறவில்லை. முன்னால் வந்த காலை அங்கேயே ஊன்றிக்கொண்டு, தாளத்துக்குத் தட்ட ஆரம்பித்தார். பெரியவருக்கு அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும். சொடுக்கிய விரலை மடக்கிக்கொண்டு, பாட்டு முடிந்ததும் முதல் ஆளாகக் கை தட்டினார்.

தண்ணீரை வேறு ஒரு பேரர் கொண்டுபோய் வைத்தார்.